ஆட்டக்காரனின் ஆயுள்: செக்ஸ்டனும் சேரலாதனும்

2023 அக்டோபரில் முப்பத்தெட்டு வயது அயர்லாந்துக்காரர் ஒருவர் ரக்பி உலகக் கோப்பையில் தன் நாட்டு அணிக்குத் தலைவராக ஆடினார். ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தி. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2019இல், நாற்பத்து நான்கு வயதில் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் புரோ கபடி லீக்கில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவராக இருந்தார். அது கபடி பார்ப்பவர்களைத் தாண்டி அதிகம் போகவில்லை. முதலாமவர் ஜானி செக்ஸ்டன். இரண்டாமவர் தர்மராஜ் சேரலாதன்.

புதுச்சேரி மாநிலத்தில் பாகூர் கொம்யூன், அதில் தென்பெண்ணைக் கரையோரம் குருவிநத்தம். அந்த மாதிரி ஊர்களில் சாயங்காலம் மண்ணில் கோடு போட்டுக் கபடி ஆடும் பையனுக்கு இந்த இருவரில் செக்ஸ்டன் யாரென்றே தெரிந்திருக்காது. சேரலாதனை ஒருவேளை தெரிந்திருக்கலாம். ஆனால் அவன் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏலத்தொகையைத்தான். இரண்டு கோடி, இரண்டே கால் கோடி... அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடலாமா என்று யோசிக்கிறான். அந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு அயர்லாந்து வரை போய்வருவது கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனாலும் போய்வருவது நல்லது.

ரக்பி என்றால் நம்மூரில் முட்டை வடிவப் பந்து ஞாபகம் வரும், அவ்வளவுதான். அமெரிக்கக் கால்பந்தோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு கபடிக்காரரை ரக்பி பார்க்க உட்கார வைத்தால் கால்மணி நேரத்தில் ஆட்டம் பிடிபட்டுவிடும். எதிராளியைப் பிடித்துக் கீழே சாய்ப்பது, இடுப்பையோ தொடையையோ குறிவைத்துப் பாய்வது, பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு கெஜம் முன்னேறுவது எல்லாம் அவருக்குப் பழக்கமானவை. ஹெல்மெட் கிடையாது, கவசம் கிடையாது. ஒரு பக்கம் பதினைந்து பேர், எண்பது நிமிடம். கபடியில் ஏழு பேர், நாற்பது நிமிடம். அங்கே கழுத்தும் தலையும் அடிவாங்கும். இங்கே முழங்கால் ஜவ்வும் கணுக்காலும் தோளும். இரண்டிலும் முதலீடு உடம்பு. வங்கியில் போட்ட முதல் போல அது வளராது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

1995 ஆகஸ்ட் வரை ரக்பி யூனியனில் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கக் கூடாது என்றே விதி. அயர்லாந்தின் பழைய நட்சத்திரங்கள் டாக்டர்கள், வக்கீல்கள், விவசாயிகள். 1974இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப்போய் ஒரு டெஸ்டில்கூடத் தோற்காமல் திரும்பிய வில்லி ஜான் மெக்பிரைட் வங்கியில் வேலை பார்த்தவர். கபடிக்காரர்கள் ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் போலீசிலும் இருப்பது போலத்தான். அதனால் "அவர்கள் பணக்கார நாடு, எல்லாம் முதலிலிருந்தே இருந்தது" என்று ஒதுக்கிவிட முடியாது. அயர்லாந்து ரக்பியில் இன்று இருக்கும் ஏற்பாடு முழுவதும் முப்பது ஆண்டுகளில் கட்டியது.

செக்ஸ்டன் அந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்தவர். 1985இல் பிறந்தவர். டப்ளினின் செயின்ட் மேரிஸ் கல்லூரிப் பள்ளியில் படித்தார். (அயர்லாந்தில் ரக்பிக்காரர்களில் பெரும்பாலோர் கட்டணம் கட்டிப் படிக்கும் இந்த மாதிரிப் பள்ளிகளிலிருந்துதான் வருகிறார்கள். அந்த விஷயத்தில் நம் கபடி எவ்வளவோ மேல். மண்ணும் ஒரு டவுசரும் போதும்.) 2006இல் லெய்ன்ஸ்டர் அணிக்கு வந்தார். வந்த உடனே நட்சத்திரம் ஆகிவிடவில்லை. அவருடைய இடத்தில் அர்ஜென்டினாவின் ஃபெலிபே கொன்டெபோமி ஆடிக்கொண்டிருந்தார். மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் காத்திருப்புதான். 2009 மே 2, டப்ளின் குரோக் பார்க், எண்பத்திரண்டாயிரம் பேர். ஹைனெக்கன் கோப்பை அரையிறுதி, எதிரில் மன்ஸ்டர். முதல் பாதியிலேயே கொன்டெபோமிக்கு முழங்காலில் அடிபட, செக்ஸ்டன் இறங்கினார். இறங்கியதும் முதல் வேலையே ஒரு பெனால்டி உதை. போட்டார். லெய்ன்ஸ்டர் ஜெயித்தது, பிறகு கோப்பையையும் வென்றது. அன்றைக்கு அவருக்கு வயது இருபத்து மூன்று.

அந்த மூன்று ஆண்டுக் காத்திருப்பைக் கவனியுங்கள். ஆடாமல் உட்கார்ந்திருந்த காலத்திலும் அவர் அணியின் ஆள். மாதச் சம்பளம், பயிற்சியாளர், மருத்துவர் எல்லாம் உண்டு. ஏலத்தில் விலைபோகாமல் ஊருக்குத் திரும்பி வர வேண்டிய நிலைமை இல்லை.

பிறகு நடந்தவை ரக்பி உலகுக்குத் தெரிந்தவை. 2011 ஹைனெக்கன் கோப்பை இறுதியில் பாதி ஆட்டத்தில் 6-22 என்று பின்தங்கிய அணியை 33-22 என ஜெயிக்க வைத்தார். அதில் 28 புள்ளிகள் அவர் ஒருவருடையவை. 2018 பிப்ரவரியில் பாரிஸில் பிரான்ஸ் 13-12 என்று முன்னிலை, நேரம் முடிந்துவிட்டது, பந்தை விட்டால் ஆட்டம் முடிந்தது. அயர்லாந்து நாற்பத்தொரு கட்டங்கள் பந்தை விடாமல் நகர்த்தி நகர்த்தி வந்தது. எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் செக்ஸ்டன் நாற்பது மீட்டருக்கும் மேலான தூரத்திலிருந்து டிராப் கோல் உதைத்தார். 15-13. அந்த வருடம் அயர்லாந்து எல்லா ஆட்டங்களையும் ஜெயித்து கிராண்ட் ஸ்லாம் எடுத்தது. அவர் உலகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2023இல் தலைவராக இன்னொரு கிராண்ட் ஸ்லாம். அந்த அக்டோபர் 14 அன்று உலகக் கோப்பைக் காலிறுதியில் நியூசிலாந்திடம் 24-28 என்று தோற்றதோடு அவர் ஆட்டம் முடிந்தது. 118 ஆட்டங்கள், அயர்லாந்துக்காக அதிகபட்சமாக 1,108 புள்ளிகள்.

முப்பத்தெட்டு வயது வரை அவர் ஆடியதற்கு அவருடைய பிடிவாதம் ஒரு காரணம். மற்றொரு காரணம் நிர்வாகம். அயர்லாந்தில் நான்கு மாகாண அணிகள்: லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட். நான்கும் அயர்லாந்து ரக்பி சங்கத்தின் கட்டமைப்புக்குள்தான். முக்கியமான ஆட்டக்காரர்களுக்குச் சங்கமே நேரடியாகச் சம்பள ஒப்பந்தம் போடுகிறது. சம்பளம் கொடுப்பவரும் தேசிய அணியை நடத்துபவரும் ஒருவரே என்பதால், ஒரு ஆள் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடலாம், எப்போது ஓய்வு என்பதை அவர்களே கணக்குப் போடுகிறார்கள். மாட்டை வாடகைக்கு எடுத்தவன் ஒரே நாளில் உழுது முடிக்கப் பார்ப்பான். சொந்த மாடு என்றால் மத்தியானம் அவிழ்த்துவிடுவான்.

2013இல் செக்ஸ்டனுக்கும் சங்கத்துக்கும் ஒப்பந்தப் பேச்சு ஒத்துவரவில்லை. அவர் பாரிஸின் ராசிங் மெட்ரோ அணிக்குப் போய்விட்டார். அதாவது, "இந்தத் தொகைக்கு ஆட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போக அவருக்கு ஓர் இடம் இருந்தது. வெளிநாட்டில் ஆடுபவரைத் தேசிய அணிக்கு எடுப்பதில்லை என்பது அங்கே எழுதப்படாத விதி. அவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 2014இல் பிரான்சில் இருந்தபோது ஒரே ஆண்டில் நான்கு முறை தலையில் அடிபட்டு, பன்னிரண்டு வாரம் ஆடக்கூடாது என்று மருத்துவர் நிறுத்திவைத்தார். அணிக்கு அவர் தேவைப்பட்ட நேரம்தான். ஆனாலும் மருத்துவர் சொன்னதே நடந்தது. 2015இல் டப்ளினுக்குத் திரும்பினார்.

இன்னொரு விஷயம் கேட்டால் நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விளையாட்டுக்காரர்களுக்கென்றே அயர்லாந்தில் 2002 முதல் ஒரு வரிச்சலுகை உண்டு. ரக்பிக்காரர், கால்பந்துக்காரர், குத்துச்சண்டைக்காரர், குதிரைப் பந்தய ஜாக்கி என்று ஒரு பட்டியல். அதில் உள்ளவர் ஓய்வு பெறும்போது, ஆடிய ஆண்டுகளில் பத்து ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டுகளில் ஆட்டத்தால் நேரடியாக வந்த வருமானத்தில் 40 சதவீதத்தைக் கழித்துக் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். ஓய்வு பெறும் ஆண்டில் தகுதியுள்ள நாட்டில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு விளையாட்டுக்காரனின் சம்பாதிக்கும் காலம் குறுகியது என்பதை ஓர் அரசாங்கம் தன் வருமானவரிச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதோடு 2001இல் ஆட்டக்காரர்களே தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. இப்போது ரக்பி பிளேயர்ஸ் அயர்லாந்து என்று பெயர். ஆடும்போதே அடுத்த வேலைக்குப் படிக்க வைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. செக்ஸ்டன் ஓய்வு பெற்றதும் கண்ணாடிப் பாட்டிலும் உலோக டப்பாவும் தயாரிக்கும் ஆர்டா குழுமத்தில் வேலைக்குப் போனார். 2025இல் முழுநேரப் பயிற்சியாளராகத் தேசிய அணிக்கே திரும்பினார்.

அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிட வேண்டாம். தலையடிகளால் மூளை பாதிக்கப்பட்டதாக முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2003இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சனுக்கு அந்த இறுதியாட்டம் ஆடியதே நினைவில் இல்லை. 2022இல் அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சிலரும் நீதிமன்றம் போனார்கள். ஏற்பாடு நன்றாக இருந்தாலும் உடம்பு உடம்புதான்.

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். சேரலாதன் 1975இல் பிறந்தவர். தம்பி தர்மராஜ் கோபுவும் புரோ கபடியில் ஆடியவர். புரோ கபடி லீக் தொடங்கியது 2014 ஜூலையில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சேரலாதனுக்கு அப்போது முப்பத்தொன்பது. இருபது வயதிலிருந்து முப்பத்தைந்து வரை, ஒரு கபடிக்காரன் உச்சத்தில் இருக்கும் பதினைந்து வருடம், அவருக்கு லீக்கும் இல்லை, ஏலமும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில்தான் அவருடைய தொழில்முறை ஆட்டமே தொடங்குகிறது! 2016 ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதிப்போட்டியில் அவர் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் 37-29 என்று ஜெய்ப்பூரை வென்று கோப்பை எடுத்தது. பர்தீப் நர்வால் பாடிப்போய்ப் புள்ளி எடுத்துவர, பின்னால் நின்று பிடித்தது சேரலாதன். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நாற்பத்தொரு வயது. செக்ஸ்டனைவிட மூன்று வயது கூட.

அந்தப் பதினைந்து வருடம் அவரையும் அவரைப் போன்றவர்களையும் கபடியில் பிடித்து வைத்திருந்தது எது? வேலை. ரயில்வே, ராணுவம், பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள், மாநில போலீஸ், மின்வாரியம். இவர்கள் தங்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள், சம்பளம் கொடுத்தார்கள், பயிற்சிக்கு நேரம் கொடுத்தார்கள். காலில் அடிபட்டால் மருத்துவ விடுப்பும் கொடுத்தார்கள். ஆட்டம் நின்ற பிறகு ஐம்பத்தெட்டோ அறுபதோ வரை நாற்காலி ஒன்று காத்திருந்தது. தேசியப் போட்டிகளில் ரயில்வேயும் சர்வீசஸும் வருடக்கணக்கில் ஆதிக்கம் செலுத்தியது சும்மா இல்லை. அயர்லாந்தில் ரக்பி சங்கம் செய்கிற வேலையை இங்கே சத்தமில்லாமல் அரசாங்க அலுவலகங்கள் செய்துகொண்டிருந்தன. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியிலிருந்து வந்து 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கணேசனின் கதை 2025இல் 'பைசன்' படத்துக்கு அடிப்படையானது. அந்தத் தலைமுறையே அப்படித்தான் ஓடியது.

அதன் மேல்தான் லீக் வந்து உட்கார்ந்தது. லீக் நல்லது செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014 முதல் ஏலத்தில் அதிகபட்ச விலை ரயில்வே ஊழியரான ராகேஷ் குமாருக்கு, 12 லட்சத்து 80 ஆயிரம். 2018இல் மோனு கோயத்துக்கு 1 கோடி 51 லட்சம். 2022இல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடி 26 லட்சத்துக்கு எடுத்தது. எட்டு வருடத்தில் பதினேழு மடங்குக்கும் மேல்! பையன்கள் கனவு காண்பதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தப் பவன் செராவத்தின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் தமிழ் தலைவாஸுக்காக முதல் ஆட்டம், முதல் பாதி. முழங்கால் போய்விட்டது. அந்த சீசன் முழுவதும் அவர் திரும்பி ஆடவில்லை. நல்லவேளை, மீண்டார். 2023 ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கமும் வென்றார், அதே ஆண்டு ஏலத்தில் 2 கோடி 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் போனார். 2024இல் அது 1 கோடி 72 லட்சத்து 50 ஆயிரம் ஆனது. 2025இல் 59 லட்சத்து 50 ஆயிரம். இரண்டு வருடத்தில் விலை கால்வாசிக்கும் கீழே. இந்தியாவின் மிகச்சிறந்த ரைடர்களில் ஒருவருக்கே இந்தக் கதி என்றால், 'டி' பிரிவில் 9 லட்சம் அடிப்படை விலையில் பெயர் கொடுத்துவிட்டு யாராவது கை தூக்குவார்களா என்று டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். லீக் நடப்பது வருடத்தில் இரண்டு, மூன்று மாதம். மீதி ஒன்பது மாதம்?

ஏலத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. எந்த அணி, எந்த ஊர், என்ன தொகை என்று எதையும் ஆட்டக்காரன் தீர்மானிப்பதில்லை. செக்ஸ்டன் பாரிஸுக்குப் போனது போல இவன் எங்கே போவான்? கபடிக்கு வேறு பெரிய சந்தை இல்லை. பேரம் பேச முடியாதவனுக்குக் கொடுக்கும் விலை, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அடுத்தவர் வைத்த விலைதான்.

நிர்வாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியக் கபடிச் சம்மேளனத்தை ஒரே குடும்பம் பல்லாண்டு கையில் வைத்திருந்தது சரியில்லை என்று 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி நிர்வாகி ஒருவரை நியமித்தது. அந்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது. 1990 முதல் தொடர்ந்து வந்த தங்கம் அங்கே அறுந்தது. நிர்வாகச் சிக்கல் வருடக்கணக்கில் இழுத்து, 2025 தொடக்கத்தில் ஆசிய சாம்பியன்ஷிப்புக்கு அணியை அனுப்பக்கூட வீராங்கனைகள் இருவர் உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. போனார்கள், தீர்ப்பு வந்தது, அணி ஈரானுக்குப் போனது, பட்டத்தோடு திரும்பியது. ஆட்டக்காரர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள்.

குருவிநத்தத்துக்குத் திரும்புவோம். இந்த ஊருக்குப் புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூர் பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி. இரண்டு கரையிலும் ஒரே நெல், ஒரே கரும்பு, ஒரே கபடி. மின்னொளிக் கபடிப் போட்டி நடந்தால் இரண்டு பக்கத்து அணியும் ஒரே களத்தில் மோதும். ஆனால் ஆட்டக்காரனின் எதிர்காலம் என்று வரும்போது அந்த ஆறு திடீரென்று அகலமாகிவிடுகிறது. அக்கரைப் பையன் தமிழ்நாட்டு அணிக்காக ஆடிப் பதக்கம் வாங்கினால், தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டுக்காரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு அவனுக்கு உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் தமிழ்நாடு அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. இக்கரைப் பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான். அவன் புதுச்சேரிக்காகத்தான் ஆட வேண்டும். சிறிய மாநிலம், சிறிய அரசு, குறைந்த பணியிடங்கள்.

இதை வைத்துக்கொண்டு புலம்புவதைவிட, சின்ன மாநிலத்தில் உள்ள ஒரு வசதியைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். தமிழ்நாட்டு அணியில் இடம் பிடிக்க ஒரு பையன் எத்தனை மாவட்டத்துப் பையன்களைத் தாண்ட வேண்டும்! புதுச்சேரி அணிக்குப் போட்டி அவ்வளவு இல்லை. மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கப்படும் அடிப்படைத் தகுதிகளில் ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டில் தன் மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருப்பது. கபடி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியும் தேசியப் பள்ளி விளையாட்டும்கூட அதில் கணக்கில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ்ப் படிவம் உண்டு, உரிய அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஊரில் எத்தனை பேர் ஆடிவிட்டு, அந்தப் படிவத்தை வாங்காமல், கோப்பையோடு எடுத்த போட்டோவை மட்டும் வைத்திருக்கிறார்கள்! ஃபிளெக்ஸ் பேனரை எந்த அலுவலகமும் சான்றாக எடுத்துக்கொள்ளாது.

குரூப் 'சி' வேலைக்குக் கல்வித் தகுதியும் வேண்டும். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடிக்காதவனுக்கு எவ்வளவு நல்ல பிடி இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. ஏலத்தொகையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தை விடும் பையன், கைக்கு எட்டும் வேலையை விட்டுவிட்டுக் கைக்கு எட்டாத விலையைத் துரத்துகிறான். இதைப் பயிற்சியாளர்கள் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை. அணியை நடத்தும் அண்ணன்மார்களுக்கு அடுத்த வாரப் போட்டிக்கு ஆள் வேண்டும், அவ்வளவே அவர்கள் கவலை.

பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுப்பதைச் சுருக்கச் சுருக்க, இந்தப் பழைய ஏற்பாடும் மெலிந்துகொண்டே போகும். அப்படியானால் சுமையை லீக்தான் ஏற்க வேண்டும். பன்னிரண்டு அணிகள், தொலைக்காட்சி உரிமை, விளம்பரம் என்று பணம் புரளும் இடத்தில், ஆட்டக்காரனுக்கு ஒரு சீசனுக்குப் பதில் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம், அடிபட்டால் முழுமையாகக் குணமாகும் வரை சிகிச்சைச் செலவு, ஆடாத மாதங்களுக்கு ஒரு படி ஆகியவற்றை எல்லா அணிக்கும் கட்டாயமாக்குவது பெரிய விஷயமே இல்லை. 2 கோடி கொடுக்கும் அணியால் இருபது பேருக்கு மாதப் படி கொடுக்க முடியாதா? ஏலம் சுவாரசியமான நிகழ்ச்சிதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கீழ்மட்டத்தில் செய்யக்கூடியது இன்னும் எளிது. காணும் பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாவிலும் நடக்கும் மின்னொளிப் போட்டிகளுக்கு விளக்கு, மைக், பேனர், சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு எல்லாவற்றுக்கும் வசூல் நடக்கிறது. களத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர் இருப்பது அபூர்வம். ஜவ்வு கிழிந்த பையனை இரண்டு பேர் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்து உட்கார வைப்பார்கள், ஸ்பிரே அடிப்பார்கள், அடுத்த நாள் கட்டுப்போடும் வைத்தியரிடம் போவார்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம் தரும், முழங்கால் ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குத் தராது. முதல் பரிசில் ஐந்தாயிரத்தைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டை இரண்டு ராத்திரிக்கு உட்கார வைக்கலாம். பங்கேற்கும் அணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் காயமடைபவர்களுக்கென்று தனியாக ஒதுக்கலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன, அரை மணியில் போய்விடலாம். பையனை அன்று ராத்திரியே ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி மட்டும் களத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.